நோய்க்காலத்தில் மக்களை இசைவித்தல்

அறிதல் வேறு, அறிந்தவாறு ஒழுகுதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கும் தூரம் எத்துணைப் பெரிதென்பதை ஆசிரியத் தொழிலில் நின்றோர் யாவரும் அறிவர். டெங்குக் காய்ச்சலைப் பற்றி ஒரு கட்டுரை வரைகவென ஒன்பதாம் வகுப்பு மாணவனைக் கேட்போமாயின், அதனைப் பரப்பும் நுளம்பின் பெயர், அது முட்டையிடும் இடம், நோயின் குறிகள், தடுக்கும் வழிகள் அனைத்தையும் முறை பிறழாது எழுதி நிறைந்த புள்ளிகளைப் பெற்றுவிடுவான். அவன் வீட்டுக் கோடிப்புறத்திலோ மாரிமழை நீர் நிறைந்த சிரட்டையொன்று கவிழ்ப்பாரின்றிக் கிடக்கும்; அதனுள்ளே குடம்பிகள் நெளிந்துகொண்டிருக்கும். அவன் எழுதிய விடையிலும் பிழையில்லை. அவனுக்குக் கற்பித்த பாடத்திலும் பிழையில்லை. ஆயினும் நுளம்பு பெருகுகின்றது.

விழா மலரொன்றிலே நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என அன்பர் சிலர் வினவக்கூடும். இக்கல்லூரியிற் பயின்று வெளிப்போந்தோருள் வைத்தியர் உளர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உளர். கிராம அலுவலரும் அதிபர்களும் ஆலய அறங்காவலரும் உளர். ஊரிலே தொற்றுநோய் தலைகாட்டும்போது, வீடு வீடாகச் சென்று, “இதனைச் செய்யுங்கள், இதனைத் தவிருங்கள்” என்று சொல்லவேண்டிய கடமை இவர்கள்மேலேயே விழுகின்றது. சொல்லும் முறையைப் பொறுத்து உயிர்கள் நிற்கவும் போகவும் கண்ட வரலாறு உண்டாதலின், அதனை இங்கு எடுத்துரைத்தல் பொருந்தும் என யாம் துணிந்தோம்.

1896ஆம் ஆண்டு செப்டெம்பரிலே பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியிற் பிளேக் என்னும் கொள்ளைநோய் தோன்றியிருத்தலை வைத்தியர் அக்காசியோ வியேகாஸ் கண்டறிந்தார். அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. நோயாளரை வீட்டினின்றும் பிரித்து வைத்தியசாலைக்கு ஏற்றுவதும், அவர்தம் உடைமைகளைத் தீயிடுவதும், வீடுகளைத் திறந்து கழுவுவதும் விரைவாக நடந்தேறின. 1897 பெப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றும் பிறந்தது. விளைந்தது யாது? வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டோர் மீளார் என்ற வதந்தி ஊரெங்கும் பரவியது. அதற்கு முன்னரே, 1896 ஒக்டோபரில், ஆலைத் தொழிலாளர் திரண்டு சென்று ஆதர் வீதி வைத்தியசாலையைத் தாக்கியிருந்தனர். இலட்சக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினர். ஓடியவர்களோடு நோயும் ஊரூராகச் சென்றது.

பூனா நகரிலே இது பின்னும் கொடிதாயிற்று. அங்கு பிளேக் குழுவின் தலைவராக அமர்ந்த ராண்ட் என்பார், வீடுகளைச் சோதிக்கும் பணியை ஆங்கிலேயப் போர்வீரரிடம் ஒப்புவித்தார். அவர்கள் சமையற்கட்டினுள்ளும் பூசையறையினுள்ளும் புகுந்தனர். பெண்களைப் பிறர் காணச் சோதித்தனர் என்ற முறைப்பாடு எங்கும் எழுந்தது. மக்கள் செய்தது ஒன்றே. நோயாளரை மறைத்தனர், இறந்தோரையும் மறைத்தனர். மறைக்கப்பட்ட நோயாளியைக் காட்டிலும் நோயைப் பரப்பும் வாயில் பிறிதொன்று உண்டோ? 1897 யூன் 22ஆம் நாள், விக்டோரியா அரசியின் வைரவிழா இரவிலே, ராண்ட் சுடப்பட்டுப் பின்னர் இறந்தார்; அவரோடு அயர்ஸ்ட் என்னும் படையலுவலரும் மாண்டார். அதன் பின் சில ஆண்டுகளுக்குள் அரசாங்கமே தன் வன்போக்கைத் தளர்த்தியது.

இங்கு ஒரு செய்தியை இடையிலே சொல்லவேண்டும். பிளேக் நோயை எலியினின்றும் மனிதருக்குக் கொணர்வது தெள்ளுப் பூச்சியே என்பதைப் பிரெஞ்சு வைத்தியர் சிமொன் கராச்சியிற் செய்த சோதனையால் நிறுவியது 1898இலேதான். ஆகவே பூனாவில் மனிதரை வீடுவீடாகத் தேடிக்கொண்டிருந்த காலத்திலே, தேடப்படவேண்டிய எலிகள் கூரையிலும் களஞ்சியத்திலும் தம் விருப்பம்போல் உலாவின. அதிகாரம் உடையோர் எல்லாம் அறிந்தோர் அல்லர் என்பதை மக்கள் எப்படியோ உணர்ந்துவிடுகின்றனர்.

அதே நோய், அதே காலம், வேறொரு வழியும் கையாளப்பட்டது. ஹாவ்கின் என்னும் அறிஞர் பம்பாயிலே பிளேக்கிற்குத் தடுப்பு மருந்து ஆக்கி, 1897 சனவரி 10ஆம் நாள் முதலிலே தம் உடம்பிலேயே அதனை ஏற்றிக்கொண்டார். இளைஞராயிருந்த ஆகாகான், தம்மைப் பின்பற்றுவோர் அஞ்சி நின்றபோது, அவர்கள் காணத் தாமும் ஊசி ஏற்றுக்கொண்டார். 1898இலே கல்கத்தாவில் நோய் கண்டதும், ஊசியைப் பற்றிய வதந்தியாற் கலகமும் ஓட்டமும் உண்டாயின. அவ்வேளையில் விவேகானந்த அடிகள் வங்காளத்திலும் இந்தியிலும் ஓர் அறிக்கை எழுதி வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டு சனவரியிலே யாழ்ப்பாணத்துக்கு எழுந்தருளி இந்துக் கல்லூரியிற் சொற்பொழிவாற்றிய அதே அடிகள்தாம். அவ்வறிக்கையின் போக்கு கருதத்தக்கது. அஞ்சற்க என்று தொடங்கி, எவருக்கும் வலிந்து ஊசி ஏற்றப்படமாட்டாது என்று உறுதி கூறி, வீட்டையும் உடையையும் உணவையும் தூயனவாக வைத்துக்கொள்ளும் வகையை விளக்கி, வதந்தியை நம்பாதிருக்க வேண்டி, நோயுற்று உதவியற்றோரைத் தம் குழுவினரே தனி மனையில் வைத்துப் பேணுவர் எனவும், அங்கே அவரவர் சமயத்திற்கும் பெண்களின் நாணத்திற்கும் இழுக்கு வாராது எனவும் அது சொல்லிற்று. பணத்துக்கு என்செய்வது என்று உடனிருந்தோர் கேட்க, மடத்துக்கென வாங்கிய நிலத்தையே விற்போம் என்றாராம். மறு ஆண்டில் நிவேதிதை அம்மையார் துடைப்பத்தைத் தாமே கையிலெடுத்து வீதி பெருக்கத் தொடங்கினார். அது கண்டு நாணிய இளைஞர் துடைப்பத்தை அவர் கையினின்றும் வாங்கிக்கொண்டனர்.

பூனாவிற் சொல்லப்பட்டதும் கல்கத்தாவிற் சொல்லப்பட்டதும் பெரும்பாலும் ஒன்றே: தூய்மை, பிரித்து வைத்தல், மருந்து. மக்கள் எதிர்த்தது அவற்றை அன்று. தம் வாழ்விலே விலைமதிப்பற்றதாகக் கருதிய ஒன்றை, தம்மைச் சிறிதும் மதியாதவன் வந்து பறிக்கின்றான் என்பதையே எதிர்த்தனர். அந்த ஒன்று சிலருக்குப் பெண்களின் மானம், சிலருக்குப் பூசையறை, எல்லா மக்களுக்கும் பொதுவாக அமைவது இறந்தோர்க்குச் செய்யும் கடன்.

இறுதிக் கடனைப் பற்றிய பாடத்தை உலகம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது மேற்காபிரிக்காவிலேயாகும். 2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியராலியோன் என்னும் மூன்று நாடுகளில் எபோலா என்னும் நோய் 28,600இற்கு மேற்பட்டோரைப் பற்றி 11,300இற்கு மேற்பட்டோரை மாய்த்தது. அந்நோயின் இயல்பு கொடியது. நோயாளி இறக்குந் தறுவாயிலும் இறந்த பின்னரும் அவன் உடலிலே நச்சுக் கிருமி மிகுந்து நிற்கும். அந்நாட்டு மக்களோ நம்மவரைப் போலவே இறந்தாரை நீராட்டித் தொட்டுத் தழுவி அனுப்பும் வழக்கினர். ஒரு சாவீட்டினின்றும் பல நோயாளர் தோன்றினர். அதிகாரிகள் வெண்ணிறக் கவச உடையோடு வந்து, உடலைக் கறுத்த பையிலிட்டு எடுத்துச் சென்று, உறவினர் அறியாத இடத்தே புதைத்தனர். லைபீரியாவில் 2014 ஆகஸ்டிலே தலைநகரிலும் அயலிலும் உடல்களை எரிக்குமாறு ஆணை பிறந்தது. நமக்கு எரித்தல் இயல்பு; அவர்களுக்கோ அஃது இறந்தோரை இரண்டாம் முறை கொல்வதை ஒக்கும். ஆகவே நோயாளரை வைத்தியசாலைக்குக் கொணராது வீட்டிலே மறைத்தனர். இரவிலே கள்ளமாகப் புதைத்தனர். கினியிலே வோமே என்னும் ஊரில், நோயைப் பற்றி விளக்கச் சென்ற குழுவினர் எண்மர் அவ்வாண்டு செப்டெம்பரிற் கொல்லப்பட்டனர்.

பின்னர் முறை மாறியது. இமாம்களும் கிறித்தவ குருமாரும் அழைக்கப்பட்டுக் கலந்துரையாடிய பின், 2014 நவம்பரிலே உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பும் மதிப்பும் பொருந்திய அடக்கத்துக்குரிய விதிகளை வெளியிட்டது. உடலைத் தொடுதல் மட்டும் விலக்கப்பட்டது; ஏனையவை இயன்றவரை காக்கப்பட்டன. உறவினர் தொலைவில் நின்று காணலாம், குழி தோண்டலாம், செபம் சொல்லலாம். நீராட்டுக்கு ஈடாக நீரின்றிச் செய்யும் தூய்மைச் சடங்கு இசுலாமிய நெறியில் உண்டாதலின் அது கைக்கொள்ளப்பட்டது. கறுத்த பை போய் வெள்ளைப் பை வந்தது. கோடித் துணியின் நிறம் வெள்ளை என்பதை அறியாதார்க்கு இஃது அற்பமாகத் தோன்றும். லைபீரியாவும் அவ்வாண்டின் இறுதியில் புதைகாட்டுக்கு நிலம் பெற்று எரிக்கும் ஆணையைக் கைவிட்டது.

கினியின் காட்டுப்புறத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாது விடுதல் இயலாது. கருவுற்ற பெண்ணொருத்தி எபோலாவால் இறந்தாள். கருவை வயிற்றினின்றும் நீக்காது புதைத்தல் ஊருக்கே கேடு விளைக்கும் என்பது அங்குள்ள கிசி மக்களின் கோட்பாடு. நீக்கினாலோ நீக்குபவர் யாவரும் மாள்வர். அடம்பிடிக்கும் மூடமக்கள் என்று திட்டிப் போர்வீரரை அழைத்திருக்கலாம். அங்ஙனம் செய்யாது, மக்கள் வழக்காறுகளை ஆராயும் அறிஞர் ஒருவர் ஊர்ப் பெரியோரிடம் சென்று, வழக்கம் தவறும்போது செய்யத்தக்க பரிகாரம் ஏதும் உண்டோ என்று வினவினார். உண்டு என்றார் மூத்தவர் ஒருவர். பரிகாரச் சடங்குக்கு வேண்டிய பொருட்செலவை உலக சுகாதார நிறுவனமே ஏற்றது. பெண் பாதுகாப்பாக அடக்கம் செய்யப்பட்டாள். எந்த வழக்கிலும் பிராயச்சித்தத்துக்கு ஒரு வாயில் இருக்கும். கேட்பார்க்கு அது திறக்கும். சைவக் கிரியை நூல்களைப் பயின்றோர்க்கு இது புதிதன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொவிட்-19 நோயின்போது, 2020இலே, அந்நோயால் இறந்தோர் யாவரையும் எரிக்கவேண்டும் என்று இலங்கையில் விதிக்கப்பட்டது. அடக்கம் செய்வதையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருந்தது. பிறந்து இருபதே நாளான முசுலிம் குழந்தையொன்றும் அவ்வாண்டு டிசெம்பரிலே பெற்றோர் இசைவின்றி எரிக்கப்பட்டது; அம்மயானத்தின் வாயிற்கதவிலே மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தம் துயரத்தைக் காட்டினர். 2021 பெப்ரவரியில் விதி நீக்கப்பட்டு, மார்ச்சு முதல் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடமளிக்கப்பட்டது. 2024இலே அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. நம் அண்டை வீட்டார்க்கு நேர்ந்த இக்கொடுமையை நீதியின்பாற் பட்டதாக மட்டும் எண்ணிவிடலாகாது. பிணத்துக்கு என்ன நேருமோ என்று அஞ்சுகின்றவன் காய்ச்சலை வெளியே சொல்வானோ? சொல்லாத காய்ச்சல் எவர் வீட்டுக்குச் செல்லும், எவர் வீட்டைத் தவிர்க்கும் என்று கூற எவராலும் இயலாது.

அச்சுறுத்தினால் மக்கள் செய்வர் என்பது பலருடைய நம்பிக்கை. வீதியோரப் பலகைகளிலே நுளம்பைப் பேயுருவாகத் தீட்டி வைப்பதும் இந்நம்பிக்கையினாலேதான். 1965இலே அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழக மாணவரிடையே லெவந்தாலும் துணைவரும் செய்த சோதனை இதனை நன்கு விளக்கும். ஏற்புவலி என்னும் நோயைப் பற்றிய ஏடு மாணவருக்குக் கொடுக்கப்பட்டது. சிலருக்கு அச்சமூட்டும் படங்களும் வருணனைகளும் கொண்ட ஏடு. சிலருக்கு மென்மையான ஏடு. அச்சமூட்டும் ஏட்டைப் படித்தோர் ஊசி போட்டுக்கொள்ளல் வேண்டும் என்று பெரிதும் கூறினர். போய்ப் போட்டுக்கொண்டாரோ என்றால் இல்லை. வேறு சிலருக்கு ஏட்டோடு, ஊசி போடும் நிலையம் குறிக்கப்பட்ட பல்கலைக்கழக வரைபடமும் தரப்பட்டு, வாரத்தில் எந்நேரம் அவ்வழியாற் செல்வீர் என்று எண்ணிப் பார்க்குமாறும் கேட்கப்பட்டது. இவர்களுள் நூற்றுக்கு 28 பேரளவில் ஊசி போட்டுக்கொண்டனர். வரைபடம் பெறாதாருள் நூற்றுக்கு 3 பேரளவிலேயே போட்டுக்கொண்டனர். அந்நிலையம் எங்குள்ளது என்பதை அவர்கள் முன்னரே அறிந்திருந்திருப்பர் என்பதையும் நோக்குக. அவர்களுக்கு வேண்டியிருந்தது அறிவும் அன்று, அச்சமும் அன்று. நாளும் நேரமும் குறித்த ஒரு வழி.

அச்சம் பயனற்றது என்றும் சொல்லோம். 1950களில் அதே நாட்டிலே ஹொக்பாம் என்பார் காசநோய்க்கான இலவச எக்ஸ்-கதிர்ப் படப் பிடிப்பை ஆராய்ந்தார். நோய்க்குறி இல்லாவிடினும் தமக்கு நோய் இருத்தல் கூடும் என்றும், முன்னரே கண்டறிந்தால் நன்மை உண்டு என்றும் இரண்டையும் நம்பியோருள் நூற்றுக்கு 82 பேர் தாமே சென்று படம் எடுத்திருந்தனர். இரண்டையும் நம்பாதாருள் 21 பேரே. நமக்கும் வரக்கூடும் என்னும் எண்ணம் வேண்டும். ஆயின் செய்தால் பயனுண்டு என்னும் நம்பிக்கை கூட வராதாயின், அச்சம் மனிதனைக் கண்ணை மூடிக்கொள்ளவே செய்யும்.

தமிழாசிரியராகிய எமக்கு இங்கே சொல்ல ஒன்றுண்டு. நோய்க்காலத்திலே நம்மூர்ச் சுவர்களில் ஒட்டப்படும் அறிவித்தல்களின் மொழியை நோக்குக. “நீர் தேங்கக்கூடிய கொள்கலன்களை உடனடியாக அப்புறப்படுத்தவும். தவறின் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்.” பிறமொழியில் எழுதிப் பெயர்த்த வாக்கியம் இது என்பதை ஆறாம் வகுப்பு மாணவனும் அறிவான். நம்மூர்ப் பெண் எவளும் தன் கோடியிற் கிடக்கும் சிரட்டையைக் கொள்கலன் என்று எண்ணுவதில்லை. ஆகவே அவ்வறிவித்தல் தனக்குரியதன்று என்று கடந்து போகின்றாள். மற்று, இவ்வாக்கியத்தில் எழுவாய் யார்? எடுப்பவர் யார்? ஏவல் முன்னிலைக்கே உரியது. ஏவுகின்றவன் வெளியே நிற்கின்றான். நம் மொழியிலோ கேட்பவனையும் உடன்சேர்க்கும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை இருக்கின்றது. ‘நாங்கள்’ என்பதற்கும் ‘நாம்’ என்பதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை ஆங்கில மொழி அறியாது. தமிழ்க் குழந்தை பாடசாலைக்கு வருமுன்னரே அறியும். விவேகானந்த அடிகளின் அறிக்கையை ஒத்த அறிவித்தலை நம்மவர் எழுதுவராயின், அதன் வினைமுற்று ‘செய்வோம்’ என்பதாகவே இருத்தல் வேண்டும். எழுதியவரும் தம் வளவைத் துப்புரவு செய்திருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

டெங்குவின் நிலையைச் சிறிது கூறுவோம். 2017இலே இலங்கையில் 1,86,000இற்கு மேற்பட்டோருக்கு இந்நோய் ஏற்பட்டதாகப் பதிவாயிற்று. 400இற்கு மேற்பட்டோர் இறந்தனர். வடக்கிலே மாரி மழையை அடுத்து மார்கழி, தை மாதங்களில் இது தலைதூக்கும். பகலிலே கடிக்கும் நுளம்பாதலின் மலேரியாக் காலத்து இரவு வலை மட்டும் போதாது. நுளம்பு தன் முட்டைகளை நீர்மட்டத்துக்கு மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவிடுகின்றது. நீர் வற்றினும் அவை பல மாதம் கிடந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே நீரை ஊற்றிவிட்டாற் போதாது; உட்சுவரை உரைஞ்சித் தேய்த்தல் வேண்டும். முட்டை பொரித்துக் குடம்பியாகிக் கூட்டுப்புழுவாகி நுளம்பாய்ப் பறக்க ஒரு வாரத்துக்குச் சற்று மேற்படும். அது பறந்து செல்லும் தூரமோ பெரும்பாலும் நூறு இருநூறு மீற்றருக்கு உட்பட்டது. நம்மைக் கடிக்கும் நுளம்பு நம் வளவிலோ வேலிக்கு அப்பாலோ பிறந்ததே. புகையடிக்கும் வண்டி வந்து போனதும் மக்கள் மனநிறைவு எய்துகின்றனர். அப்புகை பறக்கும் நுளம்பையே கொல்லும், நீரிலுள்ள குடம்பியை ஒன்றும் செய்யாது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் நுளம்பு பெருக இடங்கொடுப்போரைத் தண்டிக்க வகை செய்துள்ளது. சட்டம் வேண்டியதே. ஆயினும் பரிசோதகர் வரும் நாளில் மட்டும் துப்புரவாகும் வளவினால் நுளம்புக்கு இழப்பில்லை. புகைப்படம் எடுப்பதற்கென்றே நடைபெறும் டெங்கு வாரங்களைப் பற்றி அதிகம் கூறாது விடுகின்றோம்.

ஒரு வாரம் என்னும் கணக்கே நமக்கு வாய்ப்பானது. நம்மவர் வீடுகளிலே வெள்ளிக்கிழமை தோறும் வீடு கழுவி விளக்கேற்றும் வழக்கம் பன்னெடுங்காலமாக உண்டு. அதற்கெனப் புதிதாக ஒருவரையும் தூண்டவேண்டியதில்லை. கூட்டுமாற்றை எடுக்கும் அவ்வேளையிலே வளவைச் சுற்றிக் காற்பங்கு மணித்தியாலம் நடத்தல் என்பதனை அவ்வழக்கோடு சேர்த்துவிட்டால், யேல் மாணவருக்குக் கிடைத்த வரைபடம் நமக்கும் கிடைத்ததாகும். கிறித்தவ வீட்டார்க்குச் சனி மாலையும் இசுலாமிய வீட்டார்க்கு வியாழன் மாலையும் இதுபோல் அமையலாம். நோயைக் கருதி ஒதுங்கும் நெறியும் நமக்குப் புதிதன்று. கொப்புளிப்பான் கண்ட வீட்டு வாசலிலே வேப்பிலை செருகியிருக்கக் கண்டால் எவரும் உள்ளே செல்லார். செத்தவீட்டுக்குச் சென்று மீண்டோர் தலைமுழுகாது வீட்டினுட் புகார். கொவிட் காலத்திலே தனிமைப்படுத்தல் என்னும் கடுஞ்சொல்லால் வெருண்ட முதியோர்க்கு இவற்றை நினைவூட்டியிருந்தால் அவர்கள் முகஞ்சுளித்திருக்கமாட்டார்கள்.

மாணவர்க்கு ஒரு வேலை தருகின்றோம். அயல் வீட்டைப் பரிசோதித்து முறையிடுவதன்று அது. அங்ஙனம் செய்வித்தால் வேலியால் வரும் பகை நுளம்பினும் நீண்டகாலம் வாழும். தத்தம் வீட்டிலே நீர் நிற்கும் இடங்களை ஒரு தாளிலே தாம் வழங்கும் சொற்களால் எழுதுக: சிரட்டை, குரும்பை, பழைய ரயர், கூரைப்பீலி, பூச்சாடித் தட்டு, கோழிக்கு நீர் வைக்கும் சட்டி, கிணற்றடித் தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்துத் தட்டு. இறுதியிற் கூறியதை மறப்போர் மிகப் பலர். அத்தாளை அடுக்களைக் கதவின் உட்புறத்தே ஒட்டி, வெள்ளிதோறும் வீட்டிலுள்ள ஒருவர் தம் பெயரை அதிலே எழுதி வருவாராக. முதற் பெயர் வீட்டுத் தலைவருடையதாக இருத்தல் நன்று.